இப்போது என்ன கேம் ஆடிக்கொண்டிருக்கிறீர்கள்? நாலு நாள் விட்டுத் திரும்பினாலும் ஒட்டிக்கொள்கிற கேம் வேண்டும்

விடிகாலை ஆட்டம்:

வணக்கம். எனக்கு மருத்துவமனையில் இரவுப் பணி. காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தாலும் உடனே தூக்கம் வராது. உடம்பு ஓய்ந்திருக்கும், மனசு மட்டும் இன்னும் வார்டிலேயே நடந்துகொண்டிருக்கும். வீட்டில் மற்றவர்கள் எழுந்து கிளம்புகிற அந்த நேரத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் கேம் ஆடுவேன். அதற்கு மேல் கண் சொக்கிவிடும். வாரத்தில் நாலு நாள் இப்படி வாய்க்கும், சில வாரம் இரண்டே நாள்.

போன வாரம் அவுட்டர் வைல்ட்ஸ் முடித்தேன். 2019-இல் வந்தது, மோபியஸ் டிஜிட்டல் உருவாக்கிய கேம். அதே ஆண்டில் அவுட்டர் வேர்ல்ட்ஸ் என்று இன்னொன்றும் வந்தது, அது வேறு, தேடும்போது குழம்பிவிடாதீர்கள். எனக்கு முடிக்க மூன்று மாதம் ஆனது. முடித்த அன்று காலை தூங்கவே இல்லை. அதிலிருந்து வேறு எந்த கேமைத் திறந்தாலும் கால் மணி நேரத்தில் மூடிவிடுகிறேன். அதனால்தான் இந்தக் கேள்வி.

என்னைப் பிடித்து வைத்தது எது என்று சொன்னால்தான் நான் எதைத் தேடுகிறேன் என்பது புரியும். அந்த கேமில் நீங்கள் ஒரு சின்ன சூரியக் குடும்பத்தைச் சுற்றிப் பார்க்கும் விண்வெளிப் பயணி. 22 நிமிடத்தில் சூரியன் வெடித்துவிடும். எல்லாம் அழிந்து, மறுபடி தீமூட்டம் பக்கத்தில் கண் விழிப்பீர்கள். புது ஆயுதம் கிடையாது, லெவல் ஏறுவது கிடையாது, ஸ்கில் ட்ரீ, அதாவது புதுத் திறமைகளை ஒவ்வொன்றாகத் திறக்கும் பட்டியல், கிடையாது. அடுத்த சுற்றுக்கு நீங்கள் கொண்டுபோவது, போன சுற்றில் தெரிந்துகொண்டதை மட்டும்தான். விண்கலத்தில் ஒரு பதிவேடு இருக்கும், கண்டுபிடித்தவற்றை அது குறித்து வைத்துக்கொள்ளும். மற்றபடி எல்லாம் உங்கள் தலைக்குள்தான்.

இரட்டைக் கிரகங்கள் இரண்டு ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மணல் கொட்டிக்கொண்டே இருக்கும், மணற்கடிகாரம் மாதிரி. முதல் தடவை நான் மணல் வந்து சேர்கிற கிரகத்தின் குகைக்குள் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். தரை மெல்ல மேலே வந்தது. கூரைக்கும் மணலுக்கும் நடுவில் நசுங்கிச் செத்தேன். அப்போது எரிச்சலாக இருந்தது. இரண்டு நாள் கழித்து, இரவு மூன்று மணிக்கு வார்டு அமைதியாக இருந்த நேரத்தில், சொட்டு மருந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சட்டென்று பிடிபட்டது: ஒரு கிரகத்தில் மணல் ஏறுகிறது என்றால் மற்றதில் இறங்குகிறது. அப்படியென்றால் இந்தக் குகைக்குச் சீக்கிரம் போக வேண்டும், அந்தப் பக்கம் தாமதமாகப் போக வேண்டும். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். காலையில் வீட்டுக்கு வந்ததும் நேராக அங்கேதான் போனேன். சரியாக இருந்தது.

இன்னொன்று. கையில் ஒரு ஒலிவாங்கிக் கருவி இருக்கும், அதை எந்தத் திசையில் நீட்டினாலும் அங்கிருந்து வரும் ஒலி கேட்கும். வெவ்வேறு கிரகங்களில் உங்களைப் போன்ற பயணிகள் தனித்தனியாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் பான்ஜோ, ஒருவர் புல்லாங்குழல், ஒருவர் மேளம், ஒருவர் ஹார்மோனிகா, ஒருவர் வெறும் விசில். எல்லோரையும் விட்டு வெகுதூரம் விலகிப்போய், அந்தக் கருவியை மொத்த சூரியக் குடும்பத்தின் பக்கமும் திருப்பினால் ஐந்தும் சேர்ந்து ஒரே பாட்டாகக் கேட்கும். இவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை, ஆனாலும் சேர்ந்து வாசிக்கிறார்கள். இதைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். ஒரு முழு சுற்று, சூரியன் வெடிக்கும்வரை, வேறு ஒன்றும் செய்யாமல் அதைக் கேட்டுக்கொண்டே மிதந்தேன்.

இதற்கு முன்னால் பெரிய ஓப்பன் வேர்ல்ட் கேம்கள், அதாவது பரந்த உலகத்தில் விரும்பிய பக்கம் போகலாம் என்கிற வகை, மூன்றைத் தொடங்கிப் பாதியில் விட்டிருக்கிறேன். அவை மோசமான கேம்கள் என்று சொல்ல மாட்டேன். நாலு நாள் கழித்துத் திரும்பினால் எந்த பட்டன் விலகுவதற்கு, எந்த பட்டன் தடுப்பதற்கு என்பதே மறந்துவிடுகிறது. மேப் முழுக்கக் குறிகள். எங்கே போய்க்கொண்டிருந்தேன், ஏன் போய்க்கொண்டிருந்தேன் என்று நினைவில்லை. ஒரு மணி நேரத்தில் அரை மணி அதை நினைவுபடுத்தவே போய்விடுகிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். நீங்கள் இந்த வாரம் என்ன ஆடுகிறீர்கள்? பெயரை மட்டும் சொல்லாமல், அதில் எந்த இடம் உங்களைப் பிடித்து வைத்தது என்று சொல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் நிறுத்த முடிய வேண்டும். தினமும் உள்ளே வந்தால்தான் பரிசு என்கிற வகை வேண்டாம். ஆடாத நேரத்திலும் மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கிற கேம் என்றால் இன்னும் நல்லது. கதையின் முடிவை மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.


ஊசிமுனை:

ஹாலோ நைட்: சில்க்சாங். 2019 பிப்ரவரியில் அறிவித்தார்கள், 2025 செப்டம்பர் 4 அன்று கைக்கு வந்தது. அவ்வளவு நாள் காத்திருந்ததற்கு நியாயம் செய்த கேம் என்று மனதாரச் சொல்வேன்.

நீங்கள் கேட்பதற்கு இது நேர் எதிர் என்று தோன்றும், ஏனென்றால் இது கைவேகம் சார்ந்தது. ஆனால் "தெரிந்துகொண்டதுதான் முன்னேற்றம்" என்றீர்களே, அது இங்கேயும் உண்டு. அறிவு தலையில் சேராமல் விரலில் சேரும், அவ்வளவுதான்.

முந்தைய கேமான ஹாலோ நைட்டில் வாளை நேர்கீழாக வீசி எதிரியின் தலைமேல் துள்ளலாம். இதில் நாம் ஆடும் நாயகி ஹார்னெட் சாய்வாகக் குறுக்கே பாய்ந்து குத்துவாள். பழைய கேமை ஆடிப் பழகிய கைக்கு இது பெரிய தொல்லை. ஹன்டர்ஸ் மார்ச் என்ற பகுதியில் சிவப்புக் குமிழ்கள் மேல் துள்ளித் துள்ளிப் போக வேண்டும். எங்கே இறங்க நினைக்கிறேனோ அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பாய வேண்டும். ஒரு நாள் மாலை முழுக்க முள்ளில் விழுந்தேன். கன்ட்ரோலரை வைத்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் காலை இரண்டாவது முயற்சியில் அந்த இடத்தைத் தாண்டினேன். இரவில் நான் ஒன்றும் பழகவில்லை, தூங்கத்தான் செய்தேன். கை தானாகக் கற்றுக்கொண்டது. ஹாலோ நைட்டிலும் எனக்கு இப்படி நடந்திருக்கிறது. அதனால் இடைவெளி எப்போதும் நஷ்டம் என்று நான் நினைக்கவில்லை.

இரண்டு யோசனை. தொடக்கத்தில் உயிர் ஐந்துதான், பல எதிரிகள் ஓர் அடிக்கு இரண்டு எடுப்பார்கள், அப்படியென்றால் மூன்றாவது அடியில் சாவு. எதிரிகளை அடிக்க அடிக்க நூல் சேரும், அது போதுமான அளவு சேர்ந்ததும் ஒரே மூச்சில் மூன்று உயிரை மீட்கலாம், அதுவும் காற்றில் இருக்கும்போதே. பயந்துபோய்ச் சிகிச்சை செய்யாதீர்கள், எதிரி ஒரு தாக்குதலை முடித்துத் திரும்பும் இடைவெளியில் செய்யுங்கள். இன்னொன்று, செத்த இடத்தில் உங்கள் கூடு ஒன்று தொங்கும். அதை உடைத்தால் இழந்த மணிகள் (அந்த உலகத்தின் பணம்) மட்டுமல்ல, நூலும் நிறையும். பாஸ் என்கிற பெரிய எதிரியோடு சண்டை என்றால், தொடங்கியவுடனே கூட்டை உடைக்காமல், உயிர் குறையும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாய்வுப் பாய்ச்சல் ஒத்துவரவில்லை என்றால் வாண்டரர் க்ரெஸ்ட் என்ற, தாக்கும் முறையை மாற்றும் சின்னத்தைத் தேடி எடுங்கள், அதில் நேர்கீழாகக் குத்தலாம்.

எனக்கு ஒரே குறை, சில பாஸ்களிடம் திரும்பப் போகிற வழி. லாஸ்ட் ஜட்ஜ் என்ற பாஸிடம் தோற்றால், மறுபடி உயிர்த்தெழும் இடமான பெஞ்சிலிருந்து காற்றையும் புழுக்களையும் தாண்டி மறுபடி ஓட வேண்டும். சண்டையில் தோற்பது எனக்குப் பாடம். அந்த ஓட்டத்தில் பாடம் ஒன்றும் இல்லை, நேரம்தான் போகிறது. ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்கிற உங்களுக்கு இதை முன்கூட்டியே சொல்வது முறை. அப்புறம், அந்த பாஸ் விழுந்ததும் பக்கத்தில் நிற்காதீர்கள், விலகி ஓடுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.


தோட்டம்:

நான் ஸ்டார்டியூ வேலி, மூன்றாவது முறையாகப் புதுப் பண்ணை. மாதத்துக்கு 28 நாள், ஒரு நாள் ஆட ஏறக்குறைய கால் மணி நேரம், படுத்தால் சேவ் ஆகிவிடும். உங்கள் ஒரு மணி நேரத்துக்கு நாலு நாள் சரியாக வரும். நேற்று மழை பெய்தது, செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம், அந்த நாள் முழுக்கச் சுரங்கத்தில் இருந்தேன். இவ்வளவுதான் என் வாரம். நிம்மதியாக இருக்கிறது.


ஏழாம் சீட்டு:

பலாட்ரோ. 2024 பிப்ரவரியில் வந்தது, லோக்கல்தங்க் என்ற புனைபெயரில் ஒரே ஆள் செய்த கேம். போக்கர் சீட்டு என்றதும் சூதாட்டம் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள், இதில் பணம் வைத்து ஆடுவது எதுவும் இல்லை. போக்கர் தெரியவும் வேண்டாம், எந்தக் கூட்டுக்கு என்ன மதிப்பு என்ற பட்டியல் கேமுக்குள்ளேயே இருக்கிறது.

கணக்கைச் சொல்கிறேன், அதில்தான் அழகு. ஒவ்வொரு கூட்டுக்கும் இரண்டு எண். ஒரே இனத்தில் ஐந்து சீட்டு, அதாவது ஃப்ளஷ், என்றால் 35 சிப், 4 பெருக்கி. நீங்கள் இறக்கிய சீட்டுகளின் மதிப்பு சிப்போடு கூடும். ஏஸ், கிங், குயின், ஒன்பது, ஐந்து என்றால் 11, 10, 10, 9, 5, மொத்தம் 45. முப்பத்தைந்தோடு சேர்த்து 80. நான்கால் பெருக்கினால் 320. முதல் சுற்றில் கேட்பது 300. ஒரே கையில் முடிந்தது. ஆனால் எட்டாவது கட்டத்தின் கடைசியில் ஒரு லட்சம் கேட்பார்கள். அந்த 320 எப்படி லட்சமாகும்? அதற்குத்தான் ஜோக்கர்கள்.

ஐந்து ஜோக்கர் வைத்துக்கொள்ளலாம், இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக வேலை செய்யும். நான் ரொம்ப நாள் கவனிக்காமல் விட்ட விஷயம் இதுதான். ஒரு ஜோக்கர் பெருக்கியோடு 10 கூட்டும், இன்னொன்று பெருக்கியை மூன்று மடங்காக்கும் என்று வையுங்கள். கூட்டுவது இடது பக்கம் இருந்தால் 4 கூட்டல் 10, பெருக்கல் 3, அதாவது 42. மாற்றி வைத்தால் 4 பெருக்கல் 3, கூட்டல் 10, வெறும் 22. அதே சீட்டு, அதே ஜோக்கர், ஏறக்குறைய பாதி மதிப்பு. இது புரிந்த அன்றுதான் எனக்கு கேம் உண்மையில் தொடங்கியது.

போன ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். சீட்டுக்கட்டையே மாற்றி மாற்றி ஏறக்குறைய முழுவதும் ஹார்ட்டின் ஆக்கிவிட்டேன். எதை எடுத்தாலும் ஃப்ளஷ். ஏழாவது கட்டத்தின் பாஸ் சுற்று வந்தது. அதன் விதி: ஹார்ட்டின் சீட்டு எதற்கும் மதிப்பு கிடையாது. கட்டு முழுக்க ஹார்ட்டின்! அங்கேயே முடிந்தது. கோபம் வரவில்லை. அடுத்த பாஸ் யார் என்று கட்டத்தின் தொடக்கத்திலேயே காட்டுவார்கள், நான் பார்க்காமல் விட்டேன். இப்போது முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

ஒரு முழு ஆட்டம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். நடுவில் மூடினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நாலு நாள் கழித்து வந்தாலும் நினைவில் வைக்க வேண்டியது எதுவுமில்லை. ஆனால் ஒன்று, பணி முடிந்து தூங்கப் போகும் ஆளுக்கு இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம். "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்று தோன்ற வைக்கும். அலாரம் வைத்துக்கொண்டு ஆடுங்கள்.


தம்பி 2:

நான் தனியாக எதுவும் ஆடுவதில்லை இப்போது. வேறு ஊரில் இருக்கும் என் அக்காவோடு இட் டேக்ஸ் டூ ஆடுகிறேன். 2021-இல் வந்தது. கண்டிப்பாக இரண்டு பேர் வேண்டும், தனியாக ஆட வழியே இல்லை. ஒருவர் வாங்கியிருந்தால் போதும், ஃப்ரெண்ட்ஸ் பாஸ் வழியாக மற்றவர் இலவசமாகச் சேர்ந்துகொள்ளலாம்.

அக்கா வாழ்நாளில் கன்ட்ரோலர் பிடித்ததில்லை. இடது ஸ்டிக்கில் நடக்க வேண்டும், வலது ஸ்டிக்கில் பார்க்க வேண்டும். நமக்கு இது மூச்சு விடுவது மாதிரி. அவளுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வரவே இல்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டே சுவரில் முட்டிக்கொண்டிருப்பாள். முதல் நாள் ஒரு பலகையைத் தாண்டவே நாற்பது நிமிடம் ஆனது. நான் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அந்தப் பக்கம் நின்றேன். சின்ன வயதில் எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது அவள் எவ்வளவு நேரம் பின்னால் ஓடினாள் என்பது எனக்குத் தெரியும்.

முதல் பகுதியில் என்னிடம் ஆணி, அவளிடம் சுத்தியல் தலை. நான் சுவரில் ஆணியை எறிந்தால் அவள் அதில் தொங்கி ஊஞ்சலாடித் தாவ வேண்டும். அவள் தொங்கும்போது நான் ஆணியைத் திரும்ப அழைத்துவிட்டால் கீழே விழுவாள். அடுத்த பகுதியில் என்னிடம் பிசின், அவளிடம் தீக்குச்சி, நான் ஒட்டவைத்ததை அவள் கொளுத்துவாள். எதையும் ஒருவர் மட்டும் செய்துவிட முடியாது. நீங்கள் "தெரிந்துகொள்வது" பற்றி எழுதியிருந்தீர்கள். இங்கே நான் தெரிந்துகொண்டது, அக்கா குதிப்பதற்கு முன்னால் ஒரு கணம் மூச்சை இழுப்பாள் என்பது. போனில் அந்தச் சத்தம் கேட்டதும் ஆணியைத் தயாராக வைத்துக்கொள்வேன்.

இப்போது பனி உருண்டைக்குள் போகும் பகுதியில் இருக்கிறோம். இருவர் கையிலும் காந்தம். அவள் கொஞ்சம் திணறுகிறாள், ஆனால் விடமாட்டேன் என்கிறாள்.


மெல்ல ஏறு:

எனக்கு விரல் மூட்டுகளில் வலி உண்டு. காலையில் கை மடக்கவே நேரமாகும். அதனால் இந்த மாதிரி இழைகளில் பேசாமல் படித்துவிட்டுப் போவேன். ஊசிமுனை எழுதியதைப் படித்ததும் எழுதத் தோன்றியது, ஏனென்றால் நானும் குதிக்கிற கேம்தான் ஆடுகிறேன். செலஸ்ட், மலை ஏறும் கேம், 2018-இல் வந்தது.

அதில் அசிஸ்ட் மோட் என்று ஒன்று இருக்கிறது. கேமின் வேகத்தைப் பத்துப் பத்து சதவீதமாகக் குறைத்துப் பாதிவரை கொண்டுவரலாம். பிடித்துத் தொங்கும் வலு தீராமல் வைத்துக்கொள்ளலாம், காற்றில் பாய்வதைக் கூட்டிக்கொள்ளலாம், அடியே படாமலும் வைக்கலாம். நான் வேகத்தை மட்டும் 70 சதவீதத்தில் வைத்திருக்கிறேன். மற்ற எதையும் தொடவில்லை. விழுவது நான்தான், எழுவதும் நான்தான், என் விரல் போகிற வேகத்துக்கு மலை காத்திருக்கிறது. வலி கூடிய ஒரு நாள் 60-க்கு இறக்கினேன், மறுநாள் ஏற்றிக்கொண்டேன்.

அசிஸ்ட் இல்லாமலும் அந்த கேம் ஆடுகிறவருக்குக் கை கொடுக்கும். விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போன பிறகும் ஒரு நொடியின் சிறு பகுதிக்குக் குதிக்க அனுமதிக்கும். கண்ணுக்குத் தெரியாது. "எப்படியோ தப்பித்தேன்" என்று தோன்றும் பல இடங்களில் அதுதான் நடக்கிறது. செய்தவர்கள் ஆடுகிறவர் பக்கம் நின்று யோசித்திருக்கிறார்கள்.

மலை உச்சிக்கு முந்தின நீளமான ஏற்றத்தில் 30-இலிருந்து எண் குறைந்துகொண்டே வரும் கொடிகள் நட்டிருப்பார்கள். நான் நேற்று 12-ஆம் கொடியில் நிறுத்தினேன். இன்று மாலை தொடர்வேன். இப்படி ஆடினால் அது முழுசாக முடித்ததாகாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.


கல்வெட்டு:

விடிகாலை, உங்களுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். சான்ட்ஸ் ஆஃப் செனார். 2023, ருன்டிஸ்க் என்ற சிறிய குழு.

ஒரு பெரிய கோபுரம். ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு மக்கள் கூட்டம், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு மொழி, ஒரு எழுத்து. உங்களுக்கு எதுவும் தெரியாது. யாரும் கற்றுத்தர மாட்டார்கள். கதவுப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது, விசையை இழுத்தால் என்ன நடக்கிறது, ஒருவர் கையை எந்தப் பக்கம் காட்டிக்கொண்டு பேசுகிறார், இவற்றைப் பார்த்து நீங்களே பொருள் ஊகிக்க வேண்டும். எந்தக் குறிக்குக் கீழேயும் உங்கள் ஊகத்தை எழுதி வைக்கலாம். தமிழில் யோசித்தால் போதும். நான் காகிதத்திலும் தனியாக எழுதிக்கொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் நோட்டில் படங்கள் வரும். ஒரு பக்கத்தில் இருக்கும் எல்லாப் படத்துக்கும் சரியான குறியை வைத்தால்தான் அது உறுதியாகும். ஒன்று தப்பானாலும் எது தப்பு என்று சொல்லாது.

பன்மையை ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும். சொல் வரிசையும் மாறும். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று பள்ளியில் படித்தது முதல் தடவையாக எனக்கு உயிருள்ள விஷயமாகத் தெரிந்தது இந்த கேமில்தான். நமக்கு வினைச்சொல் கடைசியில் வருவது பழக்கம். அதனால் வரிசை மாறி வரும் ஒரு மொழியைக் கண்டு மற்றவர்கள் திகைக்கும் இடத்தில் நான் அவ்வளவாகத் திகைக்கவில்லை.

அவ்வப்போது காவலர்களிடமிருந்து ஒளிந்து போகும் பகுதிகள் உண்டு. அவை எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சின்னவை.

இதை முடித்த பிறகு ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின். 2018, லூகாஸ் போப். ஆளே இல்லாமல் கரை சேர்ந்த கப்பல், 60 பேர், ஒவ்வொருவரும் யார், என்ன ஆனார்கள் என்று நீங்கள் எழுத வேண்டும். மூன்று பேரைச் சரியாக எழுதினால்தான் உறுதி செய்யும், அதனால் குருட்டாம்போக்கில் எழுதி ஒப்பேற்ற முடியாது. உடை, பேச்சின் உச்சரிப்பு, யார் யார் பக்கத்தில் நிற்கிறார்கள், எல்லாம் தடயம். ஆனால் ஒரு எச்சரிக்கை, இதில் நாலு நாள் இடைவெளி விட்டால் முகங்கள் மறந்துபோகும். விடுமுறை கிடைக்கும்போது தொடங்குங்கள்.


விடிகாலை ஆட்டம்:

எல்லோருக்கும் நன்றி. ஒன்றும் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் பணி நெருக்கடி, வேறொன்றுமில்லை.

ஏழாம் சீட்டு, பலாட்ரோவை இறக்கி வைத்திருக்கிறேன். அந்த 42, 22 கணக்கை உடன் பணிபுரிபவரிடம் காகிதத்தில் போட்டுக் காட்டினேன், அவர் அன்றே தொடங்கிவிட்டார். நான் பகல் பணிக்கு மாறும் மாதத்துக்கு அதை வைத்துக்கொள்கிறேன். மெல்ல ஏறு, அந்த 12-ஆம் கொடி என்ன ஆயிற்று என்று கண்டிப்பாக எழுதுங்கள். உங்களைப் போல மூட்டு வலி உள்ள ஒருவர் வார்டில் இருக்கிறார், முன்பு நிறைய கேம் ஆடியவர். அவரிடம் அசிஸ்ட் மோட் பற்றிச் சொன்னேன். வேகத்தைக் குறைக்கலாம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்து, எப்படி என்று இரண்டு தடவை கேட்டார்.

செனார் தொடங்கி மூன்று காலை ஆகிறது. கல்வெட்டு சொன்னது சரி, எனக்கு வேண்டியது இதுதான்.

முதல் நாள் கதவு, விசை. இரண்டு பலகைகளில் ஒரு குறி பொதுவாக இருந்தது, மற்றது மாறியது. பொதுவானது கதவு, மாறுவது திற, மூடு. ஐந்து நிமிடத்தில் மூன்று சொல் தெரிந்துவிட்டது, அவ்வளவு மகிழ்ச்சி. இரண்டாம் நாள் சறுக்கினேன். "நான்", "நீ" இரண்டையும் மாற்றி எழுதிவிட்டேன். ஒருவர் என்னைப் பார்த்து ஒரு குறியைச் சொன்னார், என்னைத்தான் குறிக்கிறார் என்று எடுத்துக்கொண்டு "நான்" என்று எழுதினேன். அவர் வாயிலிருந்து வரும்போது அது "நீ" அல்லவா! நோட்டுப் பக்கம் உறுதியாகவே இல்லை. மற்ற குறிகளையெல்லாம் மாற்றிப் பார்த்தேன், இதைத் தொடவில்லை, ஏனென்றால் இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தூங்கப் போய்விட்டேன்.

அன்று இரவு பணியில், புதிதாகச் சேர்ந்த ஒரு நோயாளி. எங்கள் யாருக்கும் தெரியாத மொழி பேசுகிறவர். அவர் என் கையைத் தொட்டு ஒரு சொல் சொன்னார், பிறகு தன் நெஞ்சைத் தொட்டு இன்னொரு சொல் சொன்னார். நான் அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னேன், தலையை ஆட்டி மறுத்துவிட்டு என் கையைப் பிடித்து அவர் நெஞ்சின் பக்கம் திருப்பினார். அங்கேயே புரிந்துவிட்டது, இரண்டு விஷயமும். வீட்டுக்கு வந்து இரண்டு குறிகளையும் இடம் மாற்றினேன், பக்கம் உறுதியானது. அன்று முழுக்க அவருக்குத் தண்ணீர், வலி, போதும் என்ற மூன்று சொற்களை அவரிடமே கேட்டுக் குறித்துக்கொண்டேன். அடுத்த பணிக்கு வருபவர்களுக்காகக் கட்டில் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

கல்வெட்டு, ஒரு குறி மட்டும் இன்னும் பிடிபடவில்லை. படிக்கட்டுப் பக்கத்தில் எல்லோரும் அதைச் சொல்கிறார்கள். விடையைச் சொல்லிவிடாதீர்கள், இன்னும் இரண்டு இரவு இருக்கிறது.

தம்பி, அக்கா அந்தப் பனி உருண்டையைத் தாண்டிவிட்டார்களா?


தம்பி 2:

தாண்டிவிட்டோம். காந்தத்தில் நான்தான் இரண்டு தடவை தவறான பக்கம் இழுத்தேன். "மூச்சு விட்டு எண்ணிக்கொண்டு இழுடா" என்றாள். இப்போது தோட்டத்தில் இருக்கிறோம், அவள் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறாள்.